மாஸ்டர் பால் என்ற பந்தைக் கடைசிவரை எறியாதவர்கள் வேறு யாரேனும் உண்டா?

பழைய_சேவ் (எம்.கே.பி. நகர்) கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகனுக்குக் காட்டுவதற்காக, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு போக்கிமான் எனப்படும் கற்பனை உயிரினங்களைப் பந்தெறிந்து பிடித்து, வளர்த்து, மோதவிடும் ஃபயர் ரெட் என்ற வீடியோ விளையாட்டை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். நான்காவது நாள் அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மாமா எதற்காக ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை சேவ் செய்கிறார் என்று அவன் கேட்டான். நான் அப்படிச் செய்கிறேன் என்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு என்னை நானே கவனிக்கத் தொடங்கினேன். பந்தை எறிந்துவிட்டு அது ஆடி நிற்கும் வரையில் பி பொத்தானையும் கீழ்நோக்கிய பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறேன். கூடவே மூச்சையும் பிடித்துக்கொள்கிறேன். வழியில் அவற்றைக் குணமாக்கும் போக்கிமான் சென்டர் தென்பட்டால், அணியில் ஒன்றுக்கு ஒரே ஒரு புள்ளி உயிர் குறைந்திருந்தாலும் உள்ளே போகாமல் என்னால் கடந்து செல்ல முடிவதில்லை. கதையில் வரும் சில்ஃப் நிறுவனத்தைக் காப்பாற்றியதும் அதன் தலைவர் தரும் மாஸ்டர் பாலை, இதுவரை ஆடி முடித்த மூன்று ஆட்டங்களிலும் நான் எறிந்ததே இல்லை. எதை நோக்கி எறிந்தாலும் தப்பாமல் பிடித்துவிடும் அந்த ஒரே பந்து, விருந்தாளிகள் வந்தால் எடுக்கலாம் என்று அம்மா பரணில் ஏற்றிவைத்த பீங்கான் தட்டுகளைப் போல மூன்று ஆட்டங்களிலும் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

இவற்றில் முதல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் என்னால் ஊகிக்க முடிகிறது. 2006 வாக்கில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த பிரவுசிங் சென்டரில், மணிக்கு 15 ரூபாய் கொடுத்து, கையடக்கக் கருவியின் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். எமுலேட்டர் சேவ் கோப்புக்கு விளையாட்டுக் கோப்பின் பெயரையே வைக்கும் என்பதால், நமக்குப் பின் அதே கணினியில் உட்காருகிற பையன் புது ஆட்டம் தொடங்கிச் சேவ் செய்துவிட்டால் நாம் விளையாட்டில் வென்று சேர்த்த எட்டு பேட்ஜும் அத்தோடு போய்விடும். அதற்காக விளையாட்டுக் கோப்பைப் படியெடுத்து, பத்தாம் வகுப்பு வேதியியல் என்று பெயர் மாற்றி, யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குள் மறைத்து வைத்திருந்தேன். சேமிப்பு வகையை 128கே என்று மாற்ற மறந்தால் ஏதோ சர்க்யூட் போர்டு பொருத்தப்படவில்லை என்ற செய்தி வரும். அன்றைக்குச் செய்யும் சேவ் எதுவும் நிற்காது. இவை போதாதென்று மின்சாரம் வேறு போகும்.

என்னுடைய இந்தப் பழக்கங்களில் எதற்காவது விளையாட்டின் உள்ளே உண்மையான காரணம் இருக்கிறதா, அல்லது எல்லாமே நாங்கள் ஆடிய இடமும் காலமும் ஒட்டவைத்துவிட்டுப் போன பழக்கதோஷம்தானா என்பதை அறிய விரும்புகிறேன். உங்களுடைய வினோதங்களையும் எழுதுங்கள். என் மருமகன் என்னை மட்டுமே பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நெத்திலி_லெவல்20 (காசிமேடு) எழுதியது:

வணக்கம் அண்ணா. நீங்கள் சொன்ன எந்தப் பழக்கமும் எனக்கில்லை. ஆனால் என்னுடையது இன்னும் மோசம் என்று என் கணவர் சொல்வார்.

எங்கள் அம்மா முப்பது ஆண்டுகளாக மீன் விற்கிறார். காலையில் கூடையை இறக்கியதும் முதலில் வந்து நிற்கிறவரை, அவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும், வெறுங்கையோடு அனுப்பமாட்டார். போணி ஆகாமல் போனால் அன்றைய வியாபாரம் முழுக்கப் படுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் போணிக் கணக்கை நான் விளையாட்டுக்குள் கொண்டுபோய்விட்டேன். புதிய பாதை ஒன்றில் கால் வைத்ததும் புல்லில் முதலில் எது எதிர்ப்படுகிறதோ அதை எப்படியாவது பிடித்துவிட வேண்டும்; அது ஏற்கெனவே என்னிடம் ஏழு இருக்கிற ரட்டாட்டாவாக இருந்தாலும் சரி, விடுவதில்லை. தவறி ஓடிவிட்டால் அந்தப் பாதையில் வேறு எதையும் பிடிப்பதற்கு மனம் வராது. பல ஆண்டுகள் கழித்துத்தான், 2010இல் ஓர் அமெரிக்கர் வரைந்த இணையச் சித்திரக்கதையிலிருந்து நஸ்லாக் என்ற ஆட்டமுறை பிறந்தது என்றும், ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம், மயங்கி விழுந்தது செத்ததற்குச் சமம், எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாக வேண்டும் என்பவை அதன் விதிகள் என்றும் படித்தேன். முதல் விதியும் மூன்றாவது விதியும் எங்கள் வீட்டில் முன்பே இருந்தன. இரண்டாவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது.

பெயர் விஷயத்தில் நான் மிகவும் பிடிவாதக்காரி. நீரில் வாழ்கிற எதுவாக இருந்தாலும் அதற்கு எங்கள் துறைமுகத்து மீனின் பெயர்தான். கோல்டீனுக்குச் சங்கரா, கிராபிக்கு நண்டு என்று வைப்பேன். கடலில் இறங்கினால் போதும், அடிக்கு ஒன்றாக வந்து ஒட்டிக்கொள்கிற டென்டகூலுக்குச் சொறி என்று வைப்பேன். வலை இழுக்கிறவர்களைக் கேட்டால் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பார்கள். மவுன்ட் மூன் அடிவாரத்தில் ஒருவர் 500 காசுக்கு மேஜிகார்ப் என்ற மீன் விற்பார் அல்லவா? சற்றுத் தூரம் போனால் வெர்மிலியன் நகரில் பழைய தூண்டில் இலவசமாகவே கிடைக்கும் என்பதும், அந்தத் தூண்டிலில் மேஜிகார்ப்பைத் தவிர வேறு எதுவும் மாட்டாது என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த ஆளிடமே வாங்குகிறேன். நாங்களும் விற்கிறவர்கள்தானே, அவருக்கும் போணி ஆகட்டும் என்ற எண்ணம்தான். வாங்கியதற்கு நெத்திலி என்று பெயர் வைப்பேன். துள்ளுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த மீனை 20ஆம் லெவல் வரை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு வளர்த்தால், அது ஆறரை மீட்டர் நீளமுள்ள கியாரடோஸாக மாறி, அப்போதும் நெத்திலி என்ற பெயரோடேயே எதிரிகளைத் துவைத்துப் போடும். நாம் வைத்த பெயர் உருமாறினாலும் மாறாது என்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலமான அந்த 61 நாட்களும் நான் விளையாட்டிலும் தூண்டில் போடுவதில்லை. இப்போது தடைக்காலம்தான் என்பதால் விளையாட்டின் ஃபுக்ஷியா நகரில் சும்மா நிற்கிறேன்.

லோகோ_பணிமனை (பெரம்பூர்) எழுதியது:

தம்பி கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன், ஏனென்றால் அவர் கேட்டவற்றில் ஒன்றுக்கு உண்மையிலேயே காரணம் இருக்கிறது.

முதலில் பொத்தான் சமாசாரம். ஜப்பானில் 1996 பிப்ரவரியில் முதல் விளையாட்டுகள் வெளிவந்த காலத்திலிருந்தே உலகெங்கும் பிள்ளைகள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓர் ஊரில் ஏ, இன்னோர் ஊரில் பி, வேறோர் ஊரில் இரண்டையும் மாற்றி மாற்றி. ஃபயர் ரெட்டில் இதற்கு எள்ளளவும் பயன் இல்லை. பந்தை எறிந்த கணத்திலேயே விளையாட்டு தன் கணக்கை முடித்துவிடுகிறது: அந்த இனத்துக்கென்று வைத்திருக்கிற பிடிபடும் எண், மிச்சமிருக்கும் உயிர், பந்தின் தரம், அது தூங்குகிறதா, விஷமேறியிருக்கிறதா என்ற நிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பெருக்கி, விடை என்ன என்று தீர்மானித்த பிறகுதான் பந்து திரையில் ஆடவே தொடங்கும். தேர்வு முடிவு அச்சாகிவிட்ட பிறகு பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைப்பதைப் போன்றது நீங்கள் செய்வது. பொத்தானுக்குச் செலவிடுகிற கவனத்தைத் தூங்கவைப்பதற்குச் செலவிடுங்கள். இந்தத் தலைமுறை விளையாட்டுகளில் தூக்கமும் உறைநிலையும் வாய்ப்பை இரண்டு மடங்காக்கும். வாதமும் விஷமும் தீக்காயமும் ஒன்றரை மடங்குதான். பலரும் வாதத்தோடு நிறுத்திக்கொண்டு நூறு பந்துகளை வீணாக்குகிறார்கள்.

இரண்டு தடவை சேவ் செய்வது வேறு கதை. கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்த, ஃபயர் ரெட் உள்ளிட்ட போக்கிமான் விளையாட்டுகள் தம் சேமிப்பு நினைவகத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒருமுறை முதல் பகுதியிலும் மறுமுறை இரண்டாம் பகுதியிலுமாக மாறி மாறி எழுதுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ஒரு பகுதி கெட்டுவிட்டால், அடுத்த முறை திறக்கையில் சேவ் கோப்பு கெட்டுவிட்டது, முந்தைய சேவ் ஏற்றப்படும் என்று சொல்லிவிட்டு மற்ற பகுதியிலிருந்து தொடங்கும். ஒரே ஒரு தடவை சேவ் செய்தவருக்கு அந்த மற்ற பகுதியில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கு முந்தைய பழைய ஆட்டம். இரண்டு தடவை செய்தவருக்கு இரண்டு பகுதியிலும் இன்றைய ஆட்டமே இருக்கும். ஆகவே 2006இல் நீங்கள் தெரியாமல் செய்தது மிகச் சரியான காரியம். அதற்கு முந்தைய கேம்பாயில் வந்த பழைய ரெட், புளூ விளையாட்டுகளில் இந்த ஏற்பாடு கிடையாது; அவற்றில் எழுதும் நேரத்தில் அணைத்தால் எல்லாம் போயிற்று. நானும் 2012இல், சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், மேசைக் கணினியில் எமரால்டு என்ற இன்னொரு போக்கிமான் விளையாட்டை ஆடியவன். மின்வெட்டு அட்டவணையைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, நேரம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏதாவது ஓர் ஊருக்குள் போய் நின்றுகொள்வேன். இப்போதும் கையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு குகைக்குள் நுழையும்முன் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

மாஸ்டர் பால் பற்றி எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம்தான் வருகிறது. பிடிப்பதற்கு மிகக் கடினமான மியூட்டூ என்ற போக்கிமானுக்கு அதைப் பத்திரப்படுத்துகிறோம் என்று பலர் சொல்வார்கள். மியூட்டூவின் பிடிபடும் எண் 3 என்பது உண்மை. உயிரைக் கடைசிச் சொட்டு வரை குறைத்து, தூங்கவைத்து, அல்ட்ரா பால் எறிந்தாலும் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பந்துதான் பலிக்கும். ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்கும்; முன்னால் சேவ் செய்துவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். என்டேய், சூய்கூன், ரைகோ என்ற மூன்றில், உங்கள் ஆட்டத்தில் நாடு முழுக்க அலைந்துகொண்டே இருக்கிற ஒன்றுதான் ஆபத்தானது. நீங்கள் தொடக்கத்தில் தரப்படும் மூன்று போக்கிமான்களில் பல்பசாரை எடுத்தால் என்டேய், சார்மாண்டரை எடுத்தால் சூய்கூன், ஸ்குவர்ட்டிலை எடுத்தால் ரைகோ என்று கதை முடிந்த பிறகு அது அலையத் தொடங்கும். கண்ணில் பட்டவுடன் அடுத்த நொடியே ஓடப் பார்க்கும். அதைவிட மோசமானது, என்டேயோ ரைகோவோ கர்ஜித்துப் போரை முடித்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அது மறுபடி வரவே வராது. ஃபயர் ரெட், லீஃப் கிரீன் இரண்டிலும் இருக்கிற நிரல் பிழை அது. பரணில் இருக்கிற தட்டை இறக்க இதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடையாது.

இரட்டைக்கோட்டு_நோட்டு (தண்டையார்பேட்டை) எழுதியது:

எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே கேட்ரிட்ஜ். அதில் ஒரு சேவுக்குத்தான் இடம். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அசல் என்று சொல்லிக் கொடுத்த அது அசல் இல்லை என்பது, மூன்றாவது வாரம் சேவ் காணாமல் போனபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து தினமும் ஆடி முடித்ததும் அணியின் லெவல், ஒவ்வொன்றின் நான்கு தாக்குதல், கையிருப்புப் பணம் ஆகியவற்றை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். நோட்டில் எழுதி வைத்து என்ன பயன், போன சேவ் அதனால் திரும்பி வருமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் எழுதுகிறேன். அண்ணன் துபாயில் இருப்பதால் அவர் கையெழுத்து மட்டும் இல்லை.

இடது_குத்து (ராயபுரம்) எழுதியது:

பழக்கம் என்று சொல்வதா, ஊர்ப் பாசம் என்று சொல்வதா தெரியவில்லை. சாஃப்ரன் நகரத்துத் தற்காப்புக் கலைக் கூடத்தில் எல்லாரையும் வென்றால் ஹிட்மன்லீ, ஹிட்மன்சான் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஒன்று உதைக்கும், மற்றொன்று கையில் கிளவுஸ் மாட்டியிருக்கும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் சுவரில் பாக்ஸிங் கிளவுஸ் தொங்கும். தாத்தா காலத்து ஆட்டத்தில் யார் யாரை எத்தனையாவது சுற்றில் சாய்த்தார் என்பதைப் பற்றி இன்னும் திண்ணையில் சண்டை நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்துவிட்டு ஹிட்மன்லீயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா? ஆறு ஆட்டங்களிலும் ஹிட்மன்சான்தான். தீ, பனி, மின்னல் ஆகிய மூன்று குத்துகளையும் கற்றுக்கொடுத்து அழகு பார்ப்பேன். ஆனால் அவன் அடித்தால் எதிரிக்கு ஏன் வலிக்கவே இல்லை என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

லோகோ_பணிமனை (பெரம்பூர்) எழுதியது:

அதற்கும் கணக்கு இருக்கிறது தம்பி. அந்தக் காலத்து விளையாட்டுகளில் ஒரு தாக்குதல் உடல் வலிமையைச் சார்ந்ததா, சிறப்பு வலிமையைச் சார்ந்ததா என்பதை அதன் வகைதான் முடிவு செய்யும். தீ, பனி, மின்சாரம் ஆகிய மூன்றும் சிறப்பு வகை. ஃபயர் ரெட்டில் ஹிட்மன்சானின் உடல் தாக்குதல் 105, சிறப்புத் தாக்குதல் வெறும் 35. கையால் குத்துகிற குத்தையே அது தன் பலவீனமான பக்கத்திலிருந்து குத்திக்கொண்டிருந்தது. 2006இல் டயமண்ட், பேர்ல் என்ற அடுத்த தலைமுறை விளையாட்டுகள் வந்த பிறகுதான் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனியாகப் பிரித்து, மூன்று குத்துகளையும் உடல் வகைக்கு மாற்றினார்கள். உங்கள் ஆளுக்குப் பத்து ஆண்டுகளாக நடுவர் அநியாயம் செய்துகொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீப்பெட்டி (திருவொற்றியூர்) எழுதியது:

நான் பிடித்ததை விடுவிக்கமாட்டேன். பிடித்தவற்றைச் சேர்த்துவைக்க ஃபயர் ரெட்டில் பெட்டிக்கு 30 வீதம் 14 பெட்டிகள், ஆகமொத்தம் 420 இடம். அதில் இரண்டு பெட்டி முழுக்க எனக்குச் சூபேட் என்ற வௌவால்தான். சிறுவயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்து, அது செத்துப்போகும் முன்னால் விட்டுவிடு என்று பாட்டி சொன்னதைக் கேட்காமல் இருந்தவன் நான். மறுநாள் காலை அது அசையாமல் கிடந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய சதோஷி தஜிரியும் சிறுவயதில் பூச்சி பிடித்து அலைந்தவர்தான் என்று படித்தபோது, அவர் தம் பெட்டிக்குள் எதுவும் சாகாதபடி பார்த்துக்கொண்டதன் காரணம் எனக்குப் புரிந்தாற்போல இருந்தது. இது என் ஊகம்தான், அவர் அப்படிச் சொன்னதாகச் சொல்லவில்லை. எமரால்டில் ஒருமுறை தவறுதலாக, நீந்தத் தெரிந்த கடைசி ஒன்றை விடுவிக்கப் போனபோது, அது உன்னைப் பற்றிக் கவலைப்பட்டுத் திரும்பி வந்துவிட்டதோ என்ற செய்தி திரையில் வந்தது. நீரைக் கடக்க வழியில்லாமல் ஆட்டம் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடுதான் அது என்று தெரிந்தும், அன்றிலிருந்து விடுவிக்கும் பொத்தான் பக்கமே போவதில்லை.

நடக்கும் தூரத்தைக் கணக்கிட்டு முட்டை பொரியவைக்கும் ‘போக்கிமான் கோ’ என்ற கைபேசி விளையாட்டிலும் எனக்கு ஒரு சின்ன வினோதம் உண்டு. 2016 டிசம்பரில் அது இங்கே முறையாக வந்ததிலிருந்து நான் முட்டை பொரிப்பதற்கென்று தனியாக நடந்ததே இல்லை. வண்டி வேகத்தில் போனால் தூரம் கணக்கில் சேராது என்பார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பேருந்துக்கு அந்தக் கவலை கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே முட்டை பொரிந்துவிடும். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு வேலைக்குச் சீக்கிரம் போகிறேன், முட்டைதான் தேங்கிக் கிடக்கிறது.

பழைய_சேவ் (எம்.கே.பி. நகர்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரட்டைச் சேவ் பற்றிப் பெரம்பூர் அண்ணன் எழுதியதை மருமகனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பொத்தானைப் பற்றி எழுதியதை அவனே எடுத்துப் படித்துக்கொண்டான். நாங்கள் எடுத்தது ஸ்குவர்ட்டில் என்பதால் பந்தை ரைகோவுக்கென்று ஒதுக்குவது என முடிவாகியிருக்கிறது. எறியும் பொத்தானைத் தான்தான் அழுத்துவேன் என்று அவன் சொல்லிவிட்டான்; என் கையில் விட்டால் அந்தத் தட்டு மறுபடி பரணுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறான். அந்தப் பயம் நியாயமானதே.

காசிமேட்டுத் தங்கைக்கு ஒரு கேள்வி. சில்ஃப் கட்டிடத்தில் ஓர் ஊழியர் லாப்ராஸ் என்ற நீர்வாழ் போக்கிமான் ஒன்றைக் கொடுத்தார். நீர் வகைக்கெல்லாம் உங்கள் முறைப்படிதான் பெயர் வைக்க வேண்டும் என்று இவன் அடம்பிடிக்கிறான். ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்கு மேல் போகாமல் எந்த மீனின் பெயரை வைக்கலாம்?

நெத்திலி_லெவல்20 (காசிமேடு) எழுதியது:

அது மீனே இல்லை அண்ணா. ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிறதல்லவா, கட்டுமரம் என்று வையுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன், ஆங்கிலத்தில் சரியாகப் பத்து எழுத்து வருகிறது.